கம்பெனி கொடுத்த மாதிரி

நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சின் மேல் ஊன்றி, அதன் மரப்பிடியைக் காதில் பொருத்தி, கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார் கலந்தர் பாய். வண்டி நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது. தெருவில் மீன்காரர் ரப்பர் ஹாரனைப் பிதுக்கிக்கொண்டு போகிறார். டீக்கடையில் எவரோ எவரையோ கெட்ட வார்த்தையில் நலம் விசாரிக்கிறார். பாய்க்கு எதுவும் கேட்பதில்லை. "மூணாவது சிலிண்டர் என்னமோ மொணமொணங்குது தம்பி," என்கிறார், உள்வீட்டிலிருந்து ஒருவர் சொன்னதை நம்மிடம் வந்து சொல்வதுபோல. பிறகு ஸ்குரூ டிரைவரை என்னிடம் நீட்டுவார். நானும் பலமுறை காதில் வைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கேட்டதெல்லாம் தகரக் கூரையில் மழை பெய்கிற சத்தம்தான்.

குத்தாலம் கடைத்தெருவில் சாக்கும் தார்ப்பாயும் கயிறும் விற்கிற கடை அவருடையது. அறுவடைக் காலத்தில் மட்டும் அங்கே கூட்டம். கடையை ஒட்டிய தகரக் கொட்டகையில்தான் வண்டி. எதிர்ச்சாரியில் எஸ்.டி.டி. பூத்தில் வேலை பார்க்கிற எனக்குக் கண்ணாடிக் கதவு வழியே கொட்டகை முழுசாகத் தெரியும். போன் பேச ஆள் வராத நேரமெல்லாம் அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வேலை முடிந்ததும் கையை மண்ணெண்ணெயில் கழுவுவார், அப்புறம் சோப்பில், அப்புறம் காது மடலுக்குப் பின்னால் ஒரு சொட்டு அத்தர். ஆகவே அவர் அருகில் வரும்போது மூன்று வாசனைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கைலியின் மடிப்பில் எப்போதும் ஒரு துண்டு மெல்லிய துணி இருக்கும். பேசிக்கொண்டிருக்கும்போதே அதை எடுத்து, பக்கத்தில் எது இருக்கிறதோ அதைத் துடைப்பார். ஒருமுறை பேச்சு வாக்கில் என் பூத்தின் டெலிபோனைத் துடைத்துவிட்டுப் போனார்.

வண்டி, ஆஸ்டின் ஏ-நாற்பது. முதுகு வளைந்த கரும்பச்சை வண்டி. மூக்கின் மேல் சிறகு விரித்த ஓர் எழுத்து. கதவுகளுக்கு நடுவே உள்ள தூணில் இரண்டு குட்டிக் கைகள் ஒளிந்திருக்கும். திரும்பப் போகிற பக்கத்துக் கை ஆரஞ்சு விளக்கோடு எழுந்து நீளும், திரும்பியதும் மடங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளைகள் கொட்டகை வாசலில் நின்று, "பாய், கை காட்டச் சொல்லுங்க பாய்!" என்று கத்துவார்கள். எத்தனை வேலை இருந்தாலும் உள்ளே ஏறி விசையைத் திருப்புவார். வகுப்பில் விடை தெரிந்த ஒரே பையனுடையதுபோல அந்தக் கை கொஞ்சம் தயங்கி எழும்பும். பிள்ளைகளைவிட அவர்தான் அதிகம் சிரிப்பார்.

ஷார்ஜாவில் தண்ணீர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். காவிரிக் கரையில் பிறந்துவிட்டு, மணலுக்குத் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுகிற வேலைக்குக் கல்யாணமான மறுவருஷமே விமானம் ஏறினார். தலை நரைத்துத் திரும்பி வந்தபோது ஊரில் தெருவுக்குத் தெரு புது மாருதி நின்றது. திருச்சி விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற டாடா சுமோக்கள் விடியுமுன்னே ஹாரன் அடித்தன. மகன் ஃபாஜிலும் அப்படி ஒரு சுமோவில் ஏறி, அத்தா விட்டுவந்த அதே ஊருக்குப் போனான். கலந்தர் பாய் மட்டும் வேறொரு வண்டியைத் தேடிக்கொண்டு அலைந்தார். கும்பகோணத்தில் ஒரு காலத்தில் வாடகைக்கு ஓடிய ஆஸ்டின் அது. அவருடைய நிக்காஹ் முடிந்து மனைவி நூர்ஜஹானைக் கும்பகோணத்திலிருந்து குத்தாலத்துக்கு அழைத்து வந்தது அதில்தான். நம்பர் அவருக்கு மனப்பாடம்.

கடைசியில் திருக்காட்டுப்பள்ளியில் செல்லதுரை என்பவரின் ரைஸ்மில் கொட்டகையில் அது அகப்பட்டது. அந்தக் கதையைக் கேட்கிற எவருக்கும் சொல்வார். "உள்ள தவிட்டு மூட்டை அடுக்கியிருந்தான். பின் சீட்டுல கோழி அடைகாக்குது. 'வண்டியக் குடுங்கண்ணே'ங்குறேன், 'குஞ்சு பொரிக்கட்டும் பாய், அப்பறம் ஓட்டிட்டுப் போங்க'ங்குறான். குஞ்சு பொரிக்கிறவரைக்கும் காத்திருந்தேன் தம்பி." இந்த இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். அவர் சிரிக்கமாட்டார். காத்திருந்தது நிஜம்.

அதன்பிறகு வண்டி கொட்டகையை விட்டு வெளியே வரவே பல வருஷம் ஆயிற்று. "கம்பெனி எப்பிடிக் குடுத்தானோ அப்பிடியே கொண்டாரணும்" என்பது அவருடைய வேதவாக்கு. கதவுக் கைப்பிடி ஒன்று கிடைக்காமல் ஒரு மழைக்காலம் போனது. டேஷ்போர்டு கடிகாரத்துக்கு முள் கிடைக்காமல் இன்னொன்று. வேறு கம்பெனிக் கைப்பிடியை மாட்டிக்கொள்ளலாமே என்று ஒருவர் சொன்னதற்கு, "ஒங்க வீட்டுல ஒருத்தருக்கு மூக்கு போச்சுன்னா பக்கத்து வீட்டுக்காரர் மூக்க வெப்பீங்களா?" என்று கேட்டார்.

டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் துரைக்கண்ணுவுக்கு இதெல்லாம் பொழுதுபோக்கு. குத்தகை நிலமும் சொந்த டிராக்டரும் உள்ள விவசாயி. "ஏன் பாய், ஒங்க வண்டி எப்ப வயசுக்கு வரும்? சொன்னீங்கன்னா சீர் எடுத்துட்டு வருவோம்ல?" என்பார். அப்புறம் குரலை இறக்கி, "ஓடுனதும் ஒரே ஒரு தடவ எங்கிட்ட குடுங்க பாய். ஆத்தங்கரை வரைக்கும்."

"டிராக்டர் ஓட்டுற கையி. இதத் தொட்டா அழுதுடும்யா."

இருவருக்கும் நிஜமான சண்டை வருவது தை மாதத்தில்தான். களத்தில் அடித்து முடித்த நெல்தாளை இங்கே மறுபடியும் ரோட்டில் பரப்புவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறிப் போகப்போக, ஒட்டிக்கொண்டிருக்கும் மிச்ச மணியும் உதிர்ந்துவிடும். எஞ்சின் ஓட ஆரம்பித்ததும், மற்ற வேலை பாக்கி இருக்கும்போதே, வெள்ளிக்கிழமைதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும் காவிரிக் கரை வரை தனியாக ஓட்டிப் பார்த்துவருவது கலந்தர் பாயின் வழக்கம். வைக்கோல் பரப்பிய இடம் வந்தால் நிறுத்திவிடுவார். இறங்கி, கைலியை மடித்துக் கட்டி, சக்கரத்துக்கு வழிவிட்டு இரண்டு கையாலும் வைக்கோலை ஒதுக்குவார். துரைக்கண்ணு வயலிலிருந்து கத்திக்கொண்டே ஓடிவருவார்.

"பஸ்ஸுக்காரன் ஏறுறான், லாரிக்காரன் ஏறுறான், ஒங்க வண்டி மட்டும் என்ன பாய், பொண்ணு பாக்கவா வந்துருக்கு?"

"அடியில சுத்திக்கிட்டு சைலன்சர் சூட்டுல பத்திக்கும்யா. ஒன் நெல்லு போனா அடுத்த போகத்துல வந்துரும். இது போனா?"

நூர்ஜஹான் அம்மாவை நான் முதலில் பார்த்தது என் பூத்துக்குள். கணவர் ஷார்ஜாவில் இருந்த கடைசிக் காலம். ரிசீவரை வெள்ளைத் துப்பட்டிக்குள் இழுத்துக்கொண்டு பேசுவார். பேசுவார் என்பதும் சரியில்லை. "ம்... ம்... நல்லாருக்கோம்... ம்" அவ்வளவுதான். வெளியே வந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார், ஏதோ பெரிதாகச் சொல்லிவிட்டு வந்தவரைப்போல.

கணவர் ஊர் திரும்பிய பிறகு பூத்தும் துப்பட்டியும் தேவைப்படவில்லை. ஆனால் தூரம் பெரிதாகக் குறைந்ததாகவும் எனக்குத் தோன்றவில்லை. டம்ளரில் டீ எடுத்து, மேலே சாஸரைக் கவிழ்த்து மூடி, கொட்டகைக்குக் கொண்டுவருவார். வண்டிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கால்களுக்குப் பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட டிரம்மில் உட்கார்ந்துகொள்வார்.

"ஏங்க, டீ ஆறுது."

"வந்துட்டேன்."

"மழை வரும்போலருக்கு."

"ம்."

இப்போது "ம்" சொல்வது கலந்தர் பாயின் முறை. எல்லாம் உனக்காகத்தான் என்று அடியிலிருந்தே சொல்வார். "முடியட்டும், ஒன்னைய அன்னிக்கு மாதிரியே உக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போறேன் பாரு." நூர்ஜஹான் அம்மா டம்ளரைத் தொட்டுப் பார்ப்பார். சூடு போயிருந்தால் எடுத்துக்கொண்டுபோய்ச் சுடவைத்து மறுபடி கொண்டுவருவார். வாசல்படி ஏறும்போது நின்று நின்று ஏறுவதை நான் கவனிக்க ஆரம்பித்தது அப்போதுதான். இருதயத்தில் வால்வு சரியில்லை என்று தஞ்சாவூரில் சொல்லியிருந்தார்கள்.

ஃபாஜிலின் போன் வரும்போது ஓடிப்போய்க் கலந்தர் பாயை அழைத்துவருவேன். கதவு சரியாக மூடாத கூண்டு அது. காதில் விழத்தான் செய்யும்.

"காட்டியாச்சுப்பா. மாத்திரை குடுத்துருக்காங்க. சாப்புடுறா... நீ அந்தக் கதவு ரப்பர் கெடைக்குதான்னு பாத்தியா? பழைய சாமான் விக்கிற எடத்துல கேளு... அம்மாவா? நல்லாருக்கா. ரப்பர் மறந்துடாத."

ஒரு நோன்புப் பெருநாள் கழிந்த வெள்ளிக்கிழமை, எல்லா வேலையும் முடிந்து வண்டி வெளியே வந்தது. தெருவே திரண்டு நின்றது. நூர்ஜஹான் அம்மா புதுச் சேலையும் வெள்ளைத் துப்பட்டியுமாக வந்தார். "முன்னாடி உக்காருறேங்க, காத்து வரும்," என்றார். கலந்தர் பாய் கேட்கவில்லை. பின்கதவைத் திறந்து, அன்றைக்கு உட்கார்ந்த அதே இடது பக்கத்தில் உட்காரவைத்தார். அன்று மாப்பிள்ளையாக அவர் டிரைவருக்குப் பக்கத்தில் இருந்தார். இன்று டிரைவரும் அவரே. வண்டி போகும்போது குட்டிக் கை எழுந்து நீண்டது. துரைக்கண்ணு விசில் அடித்தார்.

திரும்பி வந்து கடை வாசலில் நின்றபோது கூட்டம் கலைந்துவிட்டிருந்தது. கதவைத் திறந்துவிட்டு, இறங்க விடாமல் குனிந்து நின்று கேட்டார்:

"அதே வண்டிதானே?"

"தெரியலீங்களே."

"என்னது, தெரியலயா? அந்தக் கடியாரம், அந்தச் செறகு, எல்லாம் கம்பெனி குடுத்த மாதிரி..."

நூர்ஜஹான் அம்மா துப்பட்டி முனையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். "நான் எங்கங்க வண்டியப் பாத்தேன்? கல்யாணப் பொண்ணு. தலையத் தூக்குனா எங்க பெரியம்மா தொடையில கிள்ளுவாங்க. கும்பகோணத்துலேர்ந்து குனிஞ்ச தலைதான்."

"அப்ப எதையுமே பாக்கலயா?"

"பாத்தேனே. காலுக்குக் கீழ தரையில ஒரு ஓட்டை இருந்துச்சு. துருப்புடிச்ச ஓட்டை. அதுல ரோடு ஓடுச்சு. அதையேதான் பாத்துக்கிட்டு வந்தேன். பாலம் வந்தப்ப கீழ தண்ணி தெரிஞ்சுச்சு. சரி, ஊர் தாண்டிட்டோம், இனிமே நம்ம ஊர் இது இல்லன்னு அதப் பாத்துதான் தெரிஞ்சுக்கிட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அப்பறம் ஒரு எடத்துல ரோட்டுல தாளு போட்டுருந்தாங்க. ஒரு வைக்கோலு ஓட்டை வழியா உள்ள வந்து காலுல கூசுச்சு பாருங்க... அழுதுக்கிட்டு வந்தவ, சிரிச்சுட்டேன். பெரியம்மா அதுக்கும் கிள்ளுனாங்க."

காலைத் தூக்கிக் கீழே பார்த்தார். புது ரப்பர் விரிப்பு. "இப்ப ஓட்டை இல்ல. அதான் அடையாளம் தெரியல."

குறை சொல்லும் குரல் அல்ல அது. அதனால்தானோ என்னவோ கலந்தர் பாய் கதவைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். ரைஸ்மில்லிலிருந்து வண்டியைக் கொண்டுவந்ததும் அவர் செய்த முதல் வேலை, கும்பகோணத்திலிருந்து தௌபீக் என்கிற டிங்கரை வரவழைத்து அந்த ஓட்டையை அடைத்ததுதான். அடியில் புதுத் தகடு வைத்துப் பற்றவைத்து, தேய்த்து, பெயின்ட் அடித்து, கை வைத்தால் இணைப்புத் தெரியாத அளவுக்கு அடைத்திருந்தார்கள். கம்பெனி ஓட்டையோடு கொடுக்கவில்லையே.

அன்றிலிருந்து வீட்டில் வேறொரு பேச்சு ஆரம்பித்தது. ஓட்டையை மறுபடி போட்டுவிடுகிறேன் என்றார் அவர். "வெவரங்கெட்ட வேலை, விடுங்க," என்றார் அந்த அம்மா. ஆனால் கொட்டகை டிரம்மில் உட்கார்ந்திருக்கும்போது, "எவ்ளோ பெருசு இருக்கும்?" என்று அவர் கேட்டதும், கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். யோசித்துப் பார்த்து வளையத்தைக் கொஞ்சம் பெரிதாக்கினார். கலந்தர் பாய் அதற்குள் தன் விரல்களை விட்டு அளவு எடுத்துக்கொண்டார். நான் சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

அப்போதே போயிருக்கலாம். "இப்பவே போவோமே, ஓட்டை இல்லாட்டி என்ன, முன்னாடி உக்காந்துக்குறேன்," என்று நூர்ஜஹான் அம்மா சொன்னதும் என் காதில் விழுந்தது. ஆனால் ஒரு காரியத்தை அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல அவர். "தை வரட்டும். ரோட்டுல தாளு போடட்டும். அன்னிக்கு எப்பிடி வந்தியோ அப்பிடியே கூட்டிட்டுப் போறேன்." அதுவரைக்கும் தகட்டை அறுக்க அவருக்கும் மனசு வரவில்லை என்று நினைக்கிறேன். உளியை எடுப்பார், வைப்பார்.

கார்த்திகை மழையில் நூர்ஜஹான் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் கூடியது. தஞ்சாவூருக்கு மாருதியில்தான் கொண்டுபோனார்கள், அதுதான் வேகமாகப் போகும் என்று. வெள்ளைத் துணி போர்த்தித் திரும்பக் கொண்டுவந்தபோது வயலில் கதிர் இன்னும் பச்சையாகத்தான் நின்றது. பால்பிடித்த கதிர். அறுவடைக்கு வெகுநாள் இருந்தது.

ஃபாஜில் வந்தான், இருந்தான், போனான். போகுமுன் பூத்துக்கு வந்து, "அத்தாவ அப்பப்பப் பாத்துக்கங்கண்ணே," என்று சொல்லிவிட்டு, மேஜைமேல் இருந்த பேனாவை மூடிவைத்துவிட்டுப் போனான்.

கொட்டகை பூட்டியே கிடந்தது. ஒருநாள் உள்ளே தகட்டை அறுக்கிற சத்தம் கேட்டது. தௌபீக் வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்து, "மனுசனுக்கு மண்டை குழம்பிப்போச்சு. நான் வெச்ச பத்தவெப்ப நானே அறுக்கணுமாம். விரலால வளையம் போட்டுக் காட்டுறாரு, 'இதே அளவு, ஒரு நூலு கூடக் கூடாது'ங்குறாரு," என்றான். சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் துரைக்கண்ணுவின் முகத்தைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடி டம்ளரின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்தத் தையில் ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து வந்தவர், கொட்டகையைத் திறந்து, எஞ்சினை ஓடவிட்டு, வழக்கம்போல ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கேட்டார். பிறகு நேராக டீக்கடைக்குப் போய்ச் சாவியைத் துரைக்கண்ணுவின் முன் வைத்தார்.

"ஓட்டுறியா?"

துரைக்கண்ணு நிமிர்ந்து பார்த்தார். "டிராக்டர் கையி பாய் இது."

"தெரியும். வா." திரும்பி என்னைப் பார்த்து, "நீயும் வா தம்பி. முன்னாடி ஏறிக்க," என்றார்.

அவர் பின்னால் ஏறினார், இடது பக்கத்தில். துரைக்கண்ணு ஸ்டியரிங்கை முட்டை ஏந்துவதுபோலப் பிடித்துக்கொண்டார். கியர் மாற்றும்போதெல்லாம் பின்னால் திரும்பி, "அழுவுதா பாய்?" என்று கேட்டார். "அழுவல. ரோட்டப் பாரு."

கடைத்தெருவைத் தாண்டி வயல்கள் தொடங்கிய இடத்தில் ரோட்டை மறைத்து வைக்கோல் பரப்பியிருந்தது. துரைக்கண்ணுவின் வைக்கோல்தான். பழக்கத்தில் அவரே பிரேக்கை மிதித்துவிட்டார்.

"இருங்க, எறங்கி ஒதுக்கிட்டு வந்துடுறேன்."

"ஒதுக்காத."

"சைலன்சர்ல சுத்திக்கும் பாய். நீங்கதானே..."

"மேலயே விடு துரை. மெதுவா விடு."

வண்டி வைக்கோலின் மேல் ஏறியது. அடியில் சரசரவென்று ஒரு சத்தம் எழுந்து கூடவே வந்தது. கண்ணாடியில் எனக்கு அவர் முகம் தெரியவில்லை, குனிந்த தலைதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தேன். ரப்பர் விரிப்பு மடித்து ஓரமாக ஒதுக்கப்பட்டிருந்தது. கலந்தர் பாய் இடது காலின் செருப்பைக் கழற்றி, சீட்டுக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டு, வெறும் பாதத்தை மெல்ல நகர்த்தி அந்த ஓட்டையின் மேல் வைத்தார்.